என் கையால் வைத்த வெள்ளைப் பொட்டு

பெட்ரோல் கார் ஓட்டியவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே ஏறி வரும்போது, அது உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பிளக்கில் பொறி விழுந்துவிட வேண்டும். அப்போதுதான் தீ முழுதாகப் பிடித்துப் பிஸ்டனை ஓங்கிக் கீழே தள்ளும். பொறி ரொம்ப முந்தினால் இன்ஜின் கடகடவென்று தட்டும். பிந்தினால் தட்டல் இருக்காது, இழுவையும் இருக்காது, சும்மா சூடாகும். இதைத்தான் டைமிங் என்பார்கள்.

டைமிங் வைக்க ஓர் அடையாளம் வேண்டும். இன்ஜினுக்கு முன்னால் சுற்றும் புல்லியின் விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அதற்கு எதிரே பல் பல்லாக ஒரு தகடு. நீளமான பல் பிஸ்டனின் உச்சியைக் காட்டும். குட்டைப் பல், உச்சிக்கு முன்னால் பொறி விழ வேண்டிய இடத்தைக் காட்டும். புல்லியும் கறுப்பு, வெட்டும் கறுப்பு என்பதால், கண்ணுக்குத் தெரிவதற்காக வெட்டின்மேல் ஒரு பொட்டு வெள்ளைப் பெயின்ட் வைப்பது வழக்கம்.

என் வண்டியில் அந்த வெள்ளையை நான்தான் வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளில் திண்டுக்கல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஸ்டாண்டில் வாடகைக்கு வண்டி போட்டிருந்தேன். பழைய பெட்ரோல் அம்பாசடர். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த ஒரு பாய் வீட்டில் ஓடிய வண்டி. அவர் புதிதாகச் சின்ன கார் ஒன்று எடுத்தபோது, இதை வெளியாளுக்குக் கொடுக்க மனமில்லாமல் எனக்குக் கொடுத்தார். சின்ன காரில் அவர் குடும்பம் அடங்காது. கோடையில் எல்லோரும் கொடைக்கானல் போவதென்றால் பழைய வண்டியையும் என்னையும்தான் கூப்பிடுவார்கள். பாயைப் பார்த்து அவர் சொந்தக்காரர்களும் கூப்பிட்டார்கள். அப்படியே மலை டிரிப் என்றால் நான் என்று ஆகிப்போனது.

ஸ்டாண்டில் பாதிப் பேர் மலை என்றால் டிரிப்பையே வேண்டாம் என்பார்கள். எனக்கு மலைதான் பிழைப்பு, மலைதான் திமிர். வத்தலக்குண்டைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் இரண்டாவது கியரில் அந்த இன்ஜின் ஒரு குரல் எடுக்கும். வயலில் உழுகிறவன் மாட்டோடு பேசுவதுபோல நான் அதோடு பேசிக்கொண்டே போவேன். பின்னால் பிள்ளைகள் வாந்தி எடுப்பதுகூட எனக்குக் கேட்காது. மேலே போய் இறங்கி பானெட்டைத் தொட்டுப் பார்த்தால் அளவான சூடு இருக்கும், அவ்வளவுதான். அந்த நிமிஷத்தில் கலெக்டரே எதிரே வந்தாலும் நான் ஒதுங்கியிருக்க மாட்டேன்.

வண்டியைப் பார்த்துக்கொண்டது என் கூட்டாளி. பழனி ரோட்டில் அவனுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. அவன் என்னை மாப்ள என்பான், நானும் அவனை மாப்ள என்பேன். யாருக்கு யார் மாப்பிள்ளை என்று கேட்டால் இருவருக்கும் பதில் தெரியாது. எனக்குக் கல்யாணமாகி, என் மனைவியை அவன் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் முறை ஒருவழியாக நேரானது. அவளும் அண்ணே, அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். வீட்டில் கறி எடுத்தால் ஷெட்டுக்கு ஒரு தூக்குவாளி போகும்.

அவன் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூஜைக்கு அங்கே வேலை பார்க்கிற வண்டிகளெல்லாம் வந்து நிற்கும். மண்ணெண்ணெய் விட்டு இன்ஜினைக் கழுவி, டைமிங்கைச் சரிபார்த்து, புல்லியில் புதிதாக வெள்ளை வைப்பான். அந்தப் பொட்டை மட்டும் வண்டிக்காரனே வைக்க வேண்டும். "சந்தனம் குங்குமம் யாரு வேணா வைக்கலாம். டைமிங் பொட்டு ஓனர் கையாலதான் வைக்கணும், அம்புட்டுத்தான்" என்பான். யார் ஆரம்பித்து வைத்தது என்று தெரியாது. ஆனால் ஒருவரும் மறுத்ததில்லை. பூஜையன்று சாமிக்கு முன்னால் தன் கையாலேயே வைத்த பொட்டை அப்புறம் எவன் சந்தேகப்படுவான்?

ஒரு வருஷம் கோடை முடிகிற சமயத்தில், எங்கள் ஸ்டாண்டிலேயே என்னோடு வண்டி போட்டிருந்த ஒருவன் மலையிலிருந்து இறங்கும்போது பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான். உடம்பைக் கொண்டுவரப் போனவர்களில் நானும் ஒருவன். துக்க வீட்டில் அவன் பெண்டாட்டி தரையில் உட்கார்ந்திருந்ததை என் மனைவி பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"மலைக்கு மட்டும் வேணாங்க. பழனி, மதுரை, ஒட்டன்சத்திரம்னு இம்புட்டு ஊரு கெடக்கே, அதுக்கு ஓட்டுங்க. நமக்கு அது போதும்."

"அவன் தூக்கத்தோட எறக்குனான், விழுந்தான். நான் தூங்குவேனா?"

"அவரும் வீட்ல அப்படித்தான சொல்லிருப்பாரு?"

நான் சிரித்தேன். அவள் அழுதாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் மலை, படுக்கப் போனால் மலை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். அதோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒருவழியாகப் புத்தி வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. வண்டியை முதல் நாளே ஷெட்டில் விட்டுவிடச் சொல்லியிருந்தான் கூட்டாளி. நான் குளித்துவிட்டு மனைவியோடு போனபோது இன்ஜின் பளபளவென்று இருந்தது. ஷெட் முழுக்க மண்ணெண்ணெய் வாசமும் பொரிகடலை வாசமும் கலந்து கிடந்தன. வண்டிக்கு முன்னால் கோரைப்பாய் போட்டுப் படுத்துக்கொண்டு அவன் கூப்பிட்டான். "மாப்ள, குனிஞ்சு வா. இந்தா பிரஷ்ஷு." டார்ச் அடித்து விரலை வைத்துக் காட்டினான். விரல் காட்டிய வெட்டில் நான் வெள்ளையை வைத்தேன். "சிந்தாம வைடா, ஒனக்கு இருபது தடவ சொல்லணும்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். என் மனைவி குங்குமத் தட்டோடு ஷெட் வாசலில் நின்றிருந்தாள். அவள் கண் பிரஷ்ஷின் மேலேயே இருந்தது. அன்று நிஜமாகவே அப்படிப் பார்த்தாளா, இல்லை எல்லாம் தெரிந்த பிறகு என் மனசு அப்படி வரைந்துகொண்டதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பொட்டு வைத்ததும் அதை வைத்து அவன் டைமிங்கைப் போட்டான். நான் பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை வெளியே எடுத்தேன். கொஞ்சம் மந்தமாக இருப்பதுபோலத் தெரிந்தது. கேட்டேன். "கழுவுனதுல ஈரம் இருக்கும்டா, ஓடுனா சரியாயிரும்" என்றான்.

சரியாகவில்லை. அதற்குப் பிறகு வந்த முதல் மலை டிரிப் பாய் குடும்பத்தோடுதான். ஏற்றம் ஆரம்பித்துச் சில வளைவுகள் தாண்டுவதற்குள் வண்டி மூச்சு வாங்கியது. முதல் கியருக்கு இறக்கினேன். சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. ரேடியேட்டர் கொதித்து மூடி வழியே வெந்நீர் பீறிட்டது. பாய், அவர் தம்பிமார், வீட்டுப் பெண்கள் எல்லோரும் இறங்கி ஓரத்தில் நின்றார்கள். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். ஆண்கள் சேர்ந்து வண்டியை ஓரத்துக்குத் தள்ளினார்கள். பாயின் வெள்ளை ஜிப்பாவில் என் டிக்கிப் புழுதி. எனக்கு அந்த இடத்திலேயே பள்ளத்தில் குதித்துவிடலாம் போலிருந்தது. வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வெறும் வண்டியை இறக்கிக்கொண்டு வந்தேன்.

கூட்டாளி ஷெட்டில் காத்திருந்தான். தோளைத் தட்டி டீ வாங்கிக் கொடுத்தான். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணினான். கார்புரேட்டரைப் பிரித்துப் பார்த்து, புதிதே வாங்கி மாட்டினான். ஹெட்டைக்கூட இறக்கி கேஸ்கட் மாற்றினான். எல்லா வேலையும் சுத்தமாகச் செய்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் பிறகு ஏற்றத்துக்குக் கொண்டுபோவேன். ஒவ்வொரு தடவையும் வண்டி படுத்துவிடும். வீட்டுக்கு வந்து புலம்புவேன். என் மனைவி மோர் கலக்கிக் கொடுத்து, "போகட்டும் விடுங்க, வண்டிக்கும் வயசாச்சுல்ல" என்பாள். புது கார்புரேட்டருக்கு விபூதி வைத்தவளும் அவள்தான்.

நானே டிஸ்டிரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கட்டுமா என்று அவனிடம் ஒருநாள் கேட்டேன். டிஸ்டிரிபியூட்டர் என்பது ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் பொறியைப் பங்கு போடுகிற உருளை. அதை இப்படியும் அப்படியும் திருப்பினால் டைமிங் முந்தும் பிந்தும். அவன் முகம் மாறிவிட்டது. "மார்க்கத் தாண்டித் திருப்புன, பிஸ்டன்ல ஓட்ட விழுந்துரும் பாத்துக்க. அப்பறம் இன்ஜினத் தூக்கி எடைக்குத்தான் போடணும்." பயந்துபோய் நான் அதைத் தொடவே இல்லை.

பிறகு பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. வழக்கமாகப் போடுகிற பங்கில் போய், பெட்ரோல் அடிக்கிற வயசான மனுஷனைச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினேன். அவர் கையைக் கூப்பி, "எம் பேரப்புள்ள மேல சத்தியமா இல்ல தம்பி" என்றார். என் கூட்டாளி அப்போது என் பக்கத்தில்தான் நின்றான். பைக்கின் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தான்.

கடைசியில் அவனுக்குத் தெரியாமல் நாகல் நகரில் இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். கூட்டாளிக்குத் துரோகம் பண்ணுகிறோமே என்று அன்றைக்கு எனக்குக் குறுகுறுத்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அந்த மெக்கானிக்கிடம் துப்பாக்கிபோல ஒரு டைமிங் லைட் இருந்தது. டிஸ்டிரிபியூட்டருக்குப் போகும் வாக்குவம் குழாயைப் பிடுங்கி அடைத்துவிட்டு, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, முதல் பிளக்கின் ஒயரில் கிளிப்பை மாட்டி விளக்கைப் புல்லிக்கு நேரே பிடித்தார். பொறி விழும்போதெல்லாம் விளக்கு மின்னும். அதனால் ஓடுகிற புல்லியில் அந்த வெள்ளைப் பொட்டு மட்டும் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். குட்டைப் பல்லுக்கு நேரே நின்றது. "டைமிங் சுத்தமா இருக்குண்ணே. மார்க்கு யாரு வச்சது? அழகா வச்சிருக்காங்க" என்றார். "நான்தான்" என்றேன், பெருமையாக.

பாய் ஒருநாள் கடைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. மலைக்கு மட்டும் வேற வண்டி பாத்துக்கறோம். பழனிப் பக்கம், மதுரைப் பக்கம் போறதுன்னா இன்ஷா அல்லா நீங்கதான்." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவரைப் பார்த்து மற்றவர்களும் மாறினார்கள். நான் ஆயக்குடிக் கொய்யாக்கூடையை டிக்கியில் ஏற்றவும் கல்யாண வீட்டுக்கு ஆள் கொண்டுபோகவும் இறங்கிவிட்டேன். ஸ்டாண்டில் எனக்கு 'தரை டிக்கெட்' என்று பெயர் வைத்தார்கள். அப்படிக் கூப்பிட்டவனை ஒருநாள் அடிக்கப் போய் நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். வீட்டில் மட்டும் ஒரு மாற்றம். என் மனைவி தலை நிறையப் பூ வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். நான் வெளியே கிளம்பினால் வாசல்வரை வந்து நிற்பதை விட்டிருந்தாள். வெகுநாள் கழித்து நன்றாகத் தூங்கினாள். வண்டியோடு என் மானமும் போன சமயத்தில் இவளுக்கு என்ன சந்தோஷம் என்று எனக்குள் எரிச்சல் வரும்.

அப்படியே சில வருஷம் போயிற்று. ஒரு முகூர்த்த நாளில் கல்யாண வீட்டாரை நெய்க்காரப்பட்டியில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். ஊரைத் தாண்டுவதற்குள் வண்டி இரண்டு உதறு உதறி நின்றது. பானெட்டைத் திறந்தால் டிஸ்டிரிபியூட்டரைப் பிடித்திருக்கிற போல்ட் தளர்ந்து, உருளை தன்னால் சுற்றிப்போயிருந்தது. டைமிங் மொத்தமாகப் போய்விட்டது. எதிரே ஒரு வெல்லம் காய்ச்சுகிற கொட்டகை. அங்கிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, என்ன ஆச்சுங்க?" என்றார். சொன்னேன்.

டைமிங் லைட் இல்லாவிட்டாலும், ஒயரில் ஒரு சின்ன பல்பை மாட்டி டைமிங் போட எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் முதல் பிஸ்டன் மேலே வந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஓட்டையில் கட்டை விரலை வைத்து, ஃபேனைப் பிடித்து மெதுவாகச் சுற்றினேன். காற்று விரலைத் தள்ளியது. கொட்டகைக்காரர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தவர், "குச்சிய உட்டுப் பாருங்க, இன்னும் நல்லாத் தெரியுமுங்க" என்று ஒரு தென்னங்குச்சியை நீட்டினார். விட்டேன். ஃபேனைச் சுற்றச் சுற்றக் குச்சி மேலே வந்தது, ஓர் இடத்தில் நின்றது, மேலும் சுற்றினால் இறங்கியது. திரும்பவும் உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் குனிந்து புல்லியைப் பார்த்தேன்.

பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது வெள்ளைப் பொட்டு நீளப் பல்லுக்கு நேரே வந்திருக்க வேண்டும். வரவில்லை. குட்டைப் பல்லைக்கூட எட்டாமல் பின்னாலேயே நின்றது. நான் தவறாகப் பார்க்கிறேன் என்று நினைத்து மறுபடி சுற்றினேன். அதே இடம். நீளப் பல்லுக்கு நேரே புல்லியின் விளிம்பில் கிரீசும் புழுதியும் சேர்ந்து கல்லாக இறுகிய ஒரு திட்டு இருந்தது. ஸ்குரு டிரைவரால் சுரண்டினேன். உள்ளே இன்னொரு வெட்டு. ஓரங்கள் மழுங்கி, வண்டியோடு பிறந்த வெட்டு. பிறகு என் வெள்ளையைச் சுரண்டினேன். அடியில் இருந்த வெட்டின் ஓரம் விரலைக் கீறியது. அது அரத்தால் அராவின வெட்டு.

நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். இரும்புப் புல்லியில் அரத்தைப் போட்டு அராவுவது ஒரு நொடியில் ஆகிற காரியமில்லை. குனிந்து படுத்து, வெளிச்சம் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு செய்திருக்க வேண்டும். நிஜ வெட்டைத் தேடி அடைத்திருக்க வேண்டும். மறுநாள் என் கையில் பிரஷ்ஷைக் கொடுத்திருக்க வேண்டும். இத்தனை நாளும் பிஸ்டன் உச்சிக்கு வந்து, திரும்பி இறங்க ஆரம்பித்த பிறகுதான் பொறி விழுந்திருக்கிறது. தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறான், நானும் குனிந்து காட்டியிருக்கிறேன்.

நிஜ வெட்டை வைத்து டைமிங் போட்டேன். சாவியைத் திருப்பியதும் அந்தப் பழைய குரல் வந்தது. கொட்டகைக்காரர், "வண்டி நல்லா உறுமுதுங்க" என்று சிரித்தார். அவருக்கு நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை. ஒட்டன்சத்திரம் வழியாக ஷெட்வரைக்கும் எப்படி வந்தேன் என்றும் தெரியாது.

ஷெட் வாசலில் இன்ஜினை அணைக்காமல் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். அவன் வெளியே வந்தான். சத்தத்தைக் கேட்டதுமே கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

"யாருடா அராவுனது?" என்றேன்.

"நான்தான்."

"எதுக்கு?"

"தங்கச்சி வந்து அழுதுச்சுடா. நீ சொன்னாக் கேக்க மாட்ட, வண்டி சொன்னாத்தான் கேப்பன்னுச்சு. எனக்கும் பயந்தான் மாப்ள. அன்னைக்குப் பள்ளத்துல விழுந்தவன் ஒடம்பத் தூக்கிட்டு வந்தப்ப நானும்தான கூட வந்தேன். நீயும் போயிட்டா நான் யாருகூட ஒக்காந்து டீக் குடிக்கிறது?"

"பங்குல அந்தப் பெரியவரக் கேவலமாப் பேசுனேனே, அப்பச் சொல்லிருக்கலாம்லடா?"

அவன் தரையைப் பார்த்தான். "சொல்லணும்னுதான் இருந்தேன். நாளு போகப் போகச் சொல்ல முடியல."

அடிக்கக் கை ஓங்கியது உண்மை. அடிக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தெருமுனை திரும்பும்போதே என் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் சாதக் கரண்டி. என் முகத்தை அவள் பார்க்கக்கூட இல்லை. வண்டியின் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டுவிட்டாள். வருஷக்கணக்காக அடுப்படியிலிருந்து என் வண்டி வருவதைக் கேட்டவளுக்கு, டைமிங் எப்போது கெட்டது, எப்போது நேரானது என்று எந்த மெக்கானிக்கையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது.

"ஆமா, நான்தான் செய்யச் சொன்னேன்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "ஒங்ககிட்டக் கெஞ்சலையா நான்? தட்டத் தள்ளிட்டுத்தான போனீங்க? நீங்க உசுரோட இருக்கீங்க, எனக்கு அது போதும். இப்ப என்ன வேணா செஞ்சுக்கங்க."

நான் கத்தினேன். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். பாய் ஜிப்பாவில் புழுதி பட்டதையும், தரை டிக்கெட் என்று கூப்பிட்டதையும், விபூதி வைத்ததையும் ஒன்றுவிடாமல் சொல்லிக் கத்தினேன். அவள் கரண்டியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு உள்ளே போய் எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் வெறும் வண்டியை மலைக்கு ஓட்டினேன். இரண்டாவது கியரில் சிரமமே இல்லாமல் ஏறியது. பாய் குடும்பம் இறங்கி நின்ற வளைவைத் தாண்டினேன். மேலே போய் பானெட்டைத் தொட்டேன். அளவான சூடு. வண்டி ஏறிவிட்டது என்று யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும்போலிருந்தது. பக்கத்தில் போன் பூத் இருந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். அது அவன் ஷெட்டுக்கு எதிர்க்கடை நம்பர். பூத் வாசலில் செத்த நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

மலை என் கைக்குத் திரும்பி வந்தபோது ஏறுவதற்கு ஆள் இல்லை. அதற்குள் எல்லோரும் டீசல் வண்டிகளுக்குப் பழகிவிட்டார்கள். என் மனைவியோடு எனக்குப் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. அவள் பயந்தாள், பயமாக இருக்கிறது என்று என் முகத்துக்கு நேரே அழுதாள், நான் கேட்கவில்லை. அவளிடம் எனக்கு ஒரு கணக்கு இருந்தால் அவளுக்கும் என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. அவனுக்கு அப்படி என்ன இருந்தது? ஒருநாளாவது என்னிடம் வந்து, மலைக்குப் போகாதடா என்று சட்டையைப் பிடித்தானா? சிரித்துக்கொண்டே டார்ச் அடித்தான். அவன் ஷெட் பக்கம் போவதை விட்டேன். அதன் பிறகு வந்த எந்த ஆயுத பூஜைக்கும் புல்லியில் நான் வெள்ளை வைக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்த வண்டிக்கு வாடகை கிடைப்பதே அரிதாகிவிட்டது. ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர், பழைய பெட்ரோல் வண்டிகள் மேல் பைத்தியமாக அலைகிறவர், வாங்கிக்கொள்கிறேன் என்று வந்தார். வண்டியைப் பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக்கையும் கூட்டி வந்திருந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியது அவன். தலை வெளுத்து, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. யார் வண்டி என்று அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. என் வீட்டு வாசலைப் பார்த்ததும் திகைத்து நின்றான். என் மனைவி உள்ளேயிருந்து, "வாங்கண்ணே" என்றாள். நான் சாவியை வாங்குகிறவர் கையில் கொடுத்தேன்.

வண்டியைச் சுற்றி வந்தான். கதவைத் திறந்து மூடினான். இன்ஜினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டான். பிறகு அணைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து புல்லியைப் பார்த்தான். அராவின வெட்டு அங்கேயே இருந்தது. நிஜ வெட்டும் இருந்தது. எதிலும் வெள்ளை இல்லை. ரொம்ப நேரம் குனிந்தே இருந்தான். வாங்குகிறவர் அவசரப்பட்டார். "டைமிங் மார்க்கு ஒண்ணு வச்சுக் குடுத்திருங்க, அங்க எங்க ஆளுக்குத் தெரியோணுமுங்க."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து என் பக்கம் நீட்டினான். "நீயே வை மாப்ள" என்றான். விரலை வைத்து ஒரு வெட்டைக் காட்டினான். நிஜ வெட்டைத்தான் காட்டினான். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

நான் சாக்பீஸை வாங்கிக்கொண்டேன். ஆனால் வைக்கவில்லை. உள்ளே போய்த் துடைப்பத்திலிருந்து ஒரு தென்னங்குச்சியை உருவிக்கொண்டு வந்து, பிளக்குகளைக் கழற்றி, முதல் ஓட்டையில் விட்டேன். வாங்குகிறவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவனுக்குப் புரிந்தது. முகம் சுருங்கிப்போயிற்று. முன்னால் வந்து ஃபேனைப் பிடித்து எனக்காக மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தான். குச்சி என் விரலுக்கடியில் ஏறியது.

"மேல வந்துருச்சா?" என்று கேட்டான்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

அவன் இன்னும் கொஞ்சம் சுற்றினான். குச்சி நின்றது. நான் குனிந்து, அவன் காட்டியது சரிதான் என்று என் கண்ணால் பார்த்துக்கொண்ட பிறகு, அந்த வெட்டில் சாக்பீஸை வைத்தேன்.